முன்கூட்டியே எழுதிப் போட்ட நன்றி

என் செல்ல அக்கா செலினுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் சில வாரங்களும் ஆகிவிட்டன. இத்தனை நாள் உன்னோடு நான் பேசவே இல்லை. கோபம் ஆண்டவர் மேல்தான். ஆனால் நீ இப்போது அவர் பக்கத்தில் இருப்பவள், கட்சி மாறிவிட்டாய் என்று உன்னோடும் சேர்த்துப் பேச்சை நிறுத்திவிட்டேன். நீ இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பாய்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது அம்மாவுக்கும் தெரியாது. நம் அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் விண்ணப்பச் சீட்டும் நன்றிச் சீட்டும் வாசிப்பார்களே, மதுரையில் உனக்கு இருதய ஆபரேஷன் என்று நாள் குறித்ததும் நான் விண்ணப்பம் எழுதவில்லை. நேராக நன்றியை எழுதிவிட்டேன். கிடைத்துவிட்டது என்று நம்பி முன்கூட்டியே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று நம் ஊர்ப் பெண்கள் பலர் செய்வதுதானே. "என் சகோதரி ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீடு திரும்பியதற்கு நன்றி. இப்படிக்கு, ஒரு சகோதரி." பெயர் போடவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உன்னோடு பஸ் ஏறினேன்.

பாம்பன் பாலத்தில் போகும்போது கேட்டேன், நினைவிருக்கிறதா?

"நாம கேக்குறது அவருக்குக் கேக்குதாக்கா?"

நீ ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டு சொன்னாய். "கேக்காம என்ன புள்ள. அவரு என்ன சொல்றாருன்னுதான் நமக்கு வெளங்க மாட்டேங்குது."

திங்கட்கிழமை, ஆபரேஷன் முடிவதற்குள் நீ போய்விட்டாய். மறுநாள் மதியம் உன்னை ஆம்புலன்சில் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தினோம். சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கியில் தெரேசா டீச்சர் சீட்டுகளை வாசிக்க ஆரம்பித்தார். அது ஊர் முழுக்கக் கேட்கும். என் சீட்டையும் வாசித்தார். பெயரில்லாத சீட்டு, அவருக்கு என்ன தெரியும்? உன் தலைமாட்டில் இருந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள்.

"யாரு பெத்த புள்ளையோ, பொழச்சு வீடு வந்துருச்சு. நல்லா இருக்கட்டும்" என்றாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன்.

அன்றோடு ஜெபிப்பதை நிறுத்தினேன் அக்கா. ஞாயிறு தோறும் அம்மாவைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நிற்பேன். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது என் வாய் மட்டும் அசையும். அவர் என்னை ஏமாற்றினாரா, இல்லை நான்தான் நன்றியைக் காட்டி அவரை வளைக்கப் பார்த்தேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் தெரேசா டீச்சர் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். பார்க்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார். "மீன் ஏலத்துல கத்துற தொண்டை உனக்கு, மைக்கே வேணாம். நான் எந்திரிக்கிற வரைக்கும் நீ வாசி ரோஸ்லின்." வாசிக்கத்தானே கூப்பிடுறாக, ஜெபிக்கவா கூப்பிடுறாக என்று அம்மாவிடம் முணுமுணுத்துவிட்டுப் போனேன்.

இந்தச் செவ்வாய் நான்காவது சீட்டைப் பிரித்தேன். "அக்கரையில் பிடிபட்ட என் கணவர் விடுதலையாகி வீடு வந்ததற்கு நன்றி. இப்படிக்கு, ஒரு சகோதரி." மீன்பிடிக்கப் போய் இலங்கைக் கடற்படையிடம் மாட்டிய அந்தப் படகின் நான்கு பேரும் இன்னும் அங்கே ஜெயிலில்தான் இருக்கிறார்கள். ஊருக்கே தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நம் எதிர்வீட்டு அமலி முந்தானையைக் கடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். அவள் கணவனும் அந்த நால்வரில் ஒருவன்.

சீட்டை மடித்து அடியில் வைத்துவிடத்தான் நினைத்தேன். அவன் வராமல் போனால் இந்த வார்த்தைகள் அவளை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியாதா? அப்போதுதான் அம்மா சொன்னது காதில் விழுந்தது போல இருந்தது. தன் பிள்ளையைக் கிடத்தி வைத்துக்கொண்டு யாரோ பெற்ற பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்றாளே, அவ்வளவு துக்கத்தில் அந்த மனசை அவளுக்கு யார் கொடுத்தது?

வாசித்தேன். "இது இன்னும் நடக்கல. நடக்கணும்னு எழுதியிருக்காக. எல்லாருமாச் சேர்ந்து கேப்போம்" என்று சொல்லிவிட்டு முழங்காலில் நின்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுக் கேட்டேன் அக்கா. அழுதுகொண்டேதான் கேட்டேன்.

வெளியே வந்ததும் அமலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புடி எழுதுனது தப்பாக்கா?"

"தப்பில்ல. நானும் எழுதியிருக்கேன்."

"நடந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நடக்கல."

அவள் கையை விடவில்லை. "பெறகு ஏன்க்கா முழங்கால் போட்டீக?"

"நீ தனியாக் கேக்க வேணாம்னுதான்" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. நானும் தனியாகக் கேட்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்கு, "நல்லா இருக்கட்டும்" என்று என் சீட்டுக்கு ஆமென் சொன்ன முதல் ஆள் அம்மா.

இதை எழுதும்வரை அமலியின் கணவன் வரவில்லை. வந்தால் அவள் எழுதும் சீட்டை நான்தான் வாசிப்பேன். வராவிட்டாலும் செவ்வாய்தோறும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உனக்கு இன்னொரு வாக்கும் தருகிறேன். வரும் ஞாயிறு பூசை முடிந்து உன் கல்லறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். அன்றைக்கு யார் பெற்ற பிள்ளையோ நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினாளே, அது அவள் பெற்ற பிள்ளைதான் என்று உன் பக்கத்தில் வைத்தே அவளிடம் சொல்லிவிடுவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ரோஸ்லின்