கீதனின் கேடயம்

ஏப்ரல் 6, 2025
கீதன் மறுபடி கராஜுக்குள். முட்டை வடிவக் கேடயத்துக்குத் தோல் ஒட்டுகிறான். ஒரு வருட வேலை! வாரநாளில் மார்க்கம் நகரில் கணினி வேலை, சனி ஞாயிறில் ரோமாபுரிச் சிப்பாய். ஜூனில் அஜக்ஸ் நகரப் பூங்காவில் அவனுடைய குழு பழைய காலப் போரை நடித்துக் காட்டுகிறதாம்.

"நாங்கள் துணைப்படை அப்பா. ரோமாபுரிக் குடியுரிமை இல்லாத ஆக்கள். இருபத்தைஞ்சு வருசம் உழைச்சாத்தான் சிற்றிசன்ஷிப்."

"உனக்கு வேற வேலை இல்லையே?" என்றேன். சிரித்தான்.

மே 9
எங்கள் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில் இருக்கும் மைத்துனன் பிரியந்தனின் அகதி விசாரணை 15ஆம் திகதி. இன்று முகநூலில் படம்: கீதன் வாளும் கேடயமுமாக, பக்கத்தில் பிரியந்தன் தலைக்கவசத்தோடு இளித்துக்கொண்டு! உடனே கீதனைக் கூப்பிட்டேன்.

"உது விளையாட்டுச் சாமான் அப்பா."

"உனக்கு விளையாட்டு. ஆயுதத்தோட படம் கண்டு சந்தேகப்பட்டா அவன்ரை கேஸ்?"

படத்தை நீக்கிவிட்டான். வாளும் கவசமும் குழுவின் சொத்து, திருப்பிக் கொடுத்தாயிற்று. கேடயம்? யாராவது வந்து பார்த்தால்?

மே 13
குப்பை நாள். கீதன் வேலைக்குப் போனதும் கேடயத்தைப் பழைய விரிப்பில் சுற்றி வீதியோரம் வைத்தேன். ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றால், சந்தேகத்துக்குப் பயந்து கலியாணப் படத்தைக்கூட எரித்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம்.

மாலை அவனிடம் சொன்னேன். "எத்தினை மணிக்கு ட்ரக் வந்தது?" என்று மட்டும் கேட்டான். பிறகு சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிற நண்பன் வீட்டில் தங்கப் போய்விட்டான்.

மே 15
பிரியந்தனை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். படத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மனைவி ஜெயமலர் தன் தம்பிக்காகக் கேசரி கிண்டினாள். என் பங்கை அப்படியே மூடி வைத்தேன்.

மே 18
பிரியந்தன் தன் போனில் ஒரு படம் காட்டினான். கேடயத்தின் உட்புறம். தமிழில் என் பெயர்: ஸ்ரீஸ்கந்தராசா, 25 வருடம்.

"அந்தக் காலத்துச் சிப்பாய்மார் சாமானில பேர் பொறிக்கிறவையாம், அத்தான். நீங்களும் பேக்கரியில உழைச்சது இருபத்தைஞ்சு வருசம்தானே எண்டு உங்கட பேரை எழுதினவன்."

விரிப்பில் சுற்றும்போது ஒருக்காலாவது திருப்பிப் பார்த்தேனா? இல்லையே. என்ன மனிசன் நான்!

மே 25
கீதன் போன் எடுக்கிறான் இல்லை.

ஜூன் 14
அஜக்ஸ். அழைக்காமலே போனேன். இரண்டாம் வரிசையில் கீதன், இரவல் கேடயத்தோடு. முடிந்ததும் கிட்டப் போனேன்.

"பிழை விட்டிட்டன், தம்பி."

"சாப்பிட்டனீங்களோ, அப்பா?" என்றான். தண்ணீர் எடுக்கப் போகும்போது கேடயத்தை என்னிடம் பிடிக்கத் தந்தான்.

இந்த முறை திருப்பிப் பார்த்தேன். உள்ளே வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தது.