உங்கள் இடப்பக்கம் நின்றவன்

அண்ணே,

இன்று காலை மகள் என் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்தாள். மூடியைத் திறந்ததுமே காலை இழுத்துக்கொண்டேன். "என்னப்பா, இம்புட்டு வேர்க்குது?" என்றாள். என்னத்தைச் சொல்ல? அந்த வாசம் வந்தால் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். உங்கள் பின்னாலேயே அந்த வேகனும் வந்துவிடுகிறது.

நம் மில் டீமில் எல்லாரும் வெறுங்காலோடுதான் கால்பந்து ஆடினோம். கணுக்காலில் துணிக்கட்டு, அதன்மேல் இந்தத் தைலம். நீங்கள் வலது பேக், கோலுக்கு முன்னால் வலது ஓரத்தைக் காக்கிற ஆள். உங்களைத் தாண்டிப் பந்து போக எதிராளி தலைகீழாக நிற்க வேண்டும். ஆனால் பந்தைத் தலையால் முட்டி முட்டியோ என்னவோ, உங்கள் வலது காது செத்துப்போயிருந்தது. டீம் ஆட்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் வருடாவருடம் தை மாதம் போடும் டீம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள், மில் வீட்டையும் பிடுங்கிவிடுவார்கள். "மூணு பொட்டப்புள்ளைகள வச்சிருக்கேன் தம்பி, வாயத் தெறந்துறாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

மைதானத்தில் கவலையில்லை. வலது பேக்குக்கு வலப்பக்கம் வெறும் கோடுதான், கூப்பிடுகிற ஆளெல்லாம் இடப்பக்கம். வெளியே வந்தால் எங்களில் ஒருவன் உங்கள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டே நிற்பான். வலப்பக்கம் சத்தம் கேட்டால் தோளைத் தட்டுவான். "மாப்பிள்ளத் தோழன் கணக்கா ஒட்டிக்கிட்டுத் திரியிறானுக" என்று மில்லே கேலி பேசியது.

அப்போதுதான் பேரையூர்க்காரன் வந்தான். பத்தொன்பது வயது, அவனும் வலது பேக். அவன் ஓட்டத்தைப் பார்த்த அன்றே உங்கள் இடத்துக்கு ஆள் வந்துவிட்டான் என்று தெரிந்தது. கேப்டன் என்று மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டார். "டீமுக்குப் பதிமூணு பேருக்கு மேல கெடையாது. பழசுல ஒண்ணக் கழிச்சுட்டுப் புதுசச் சேத்துக்கும்" என்றார். பழசாம்! மாட்டைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் கெஞ்சிக் கூத்தாடி உங்களுக்கு வேறு வேலை வாங்கினேன். பஞ்சு வேகன் வந்துபோகும் தண்டவாளக் கேட்டில் காவல் வேலை. இனி தை மாதப் பயம் கிடையாது, வீடும் நிலைத்தது. "எங்குடும்பத்தக் காப்பாத்திட்ட தம்பி" என்று அழுதீர்கள். காதைப் பற்றி மேனேஜரிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொன்னால் இந்த வேலையும் போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள், நல்ல பகலில், எஞ்சின் இல்லாமல் ஆட்கள் தள்ளிவிட்ட வேகன் உங்கள் வலப்பக்கமாக வந்தது. இடப்பக்கம் மில் இரைச்சல்; வலப்பக்கமிருந்து கத்தினார்களாம், விசில் அடித்தார்களாம். நீங்கள் திரும்பவே இல்லையாம்.

"குடிச்சிருந்தானா?" என்று மேனேஜர் கேட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் உங்கள் பிள்ளைகளை வீட்டைவிட்டு விரட்டுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய், அண்ணே. என் வேலைக்குத்தான் பயந்தேன். மாதம் முடிவதற்குள் அவர்களை எப்படியும் விரட்டிவிட்டார்கள்.

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைத்தான் இன்றுவரை சுமக்கிறேன். நீங்கள் கேட் வேலைக்குப் போன முதல் நாள், பேரையூர்க்காரன் என்னைத் தேடி வந்தான். உங்கள் காது விஷயம் அன்றுதான் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"அண்ணே, அங்கன அவுகளுக்கு இடப்பக்கம் யாரு நிப்பா?" என்று கேட்டான்.

"போடா, போயி பந்த அடி" என்றேன்.