பத்தாம் வகுப்பின் விளையாட்டு பீரியட்

என் செல்லத் தங்கை செல்விக்கு,

நீ வேலை பார்த்த திருமுல்லைவாயில் பெண்கள் பள்ளிக்கு நேற்று போயிருந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு அப்படியே கிடந்த உன் மேசையைக் காலி செய்து தரச் சொல்லியிருந்தார்கள். போன வேலை முடிந்தும் கிளம்ப மனம் வரவில்லை.

போன வருடம் நீ அங்கே பி.டி. டீச்சராகச் சேர்ந்தபோது, இப்போது பத்தாவது படிக்கும் இந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு. எட்டாவது வரை குதித்தவர்கள் திடீரென்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். வயிற்றுவலி, தலைவலி, ரெக்கார்டு நோட்டு. அணியில் இருக்கும் சிலர் ஆட, மற்றவர்கள் புத்தகப் பைகளுக்குக் காவல். சோம்பேறிகள் என்றார்கள் எல்லாரும். நீதான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டாய். ரேவதி சொன்னாளாம்: "ரோட்டுல போறவன்லாம் வண்டிய நிறுத்திட்டுப் பாக்குறான் மிஸ். துப்பட்டாவ பின்னு குத்திக்கினு எப்டி ஓடறது?"

அதை என்னிடம் சொன்னபோது உன் குரலில் இருந்தது கோபமா, சந்தோஷமா? இன்னும் எனக்குப் புரியவில்லை. கட்டடத்துக்குப் பின்னால், சாலைக்குத் தெரியாத இடத்தில் கிடந்த உடைந்த பெஞ்சுகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து அப்புறப்படுத்தினாய். துப்பட்டாக்கள் ஜன்னல் கம்பிக்குப் போயின. அணி என்று நீ யாரையும் பொறுக்கவில்லை. வகுப்பு முழுக்க கோ-கோ ஆடியது.

நேற்று அவர்களுடைய பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கியிருந்தார். நானும் பிள்ளைகளும் இருந்த பின்பக்கத்துக்கு வந்து கூப்பிட்டார்: "பப்ளிக் வருதுடீ, கிளாசுக்கு வாங்க."

ஆட்ட வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"எங்க மிஸ் போய்ட்டாங்கன்னா பீரியடும் போய்டுமா மிஸ்?" என்றாள் ரேவதி.

"வாய் நீளுது உனக்கு."

"ஒரு ஆளு கொறையுது மிஸ். நீங்க வந்து குந்துங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. சாக்பீஸ் டப்பாவை என்னிடம் நீட்டினார், முந்தானையை இடுப்பில் செருகினார், போய் உட்கார்ந்தார். ஒருத்தி முதுகில் தட்டி 'கோ' என்றதும் தப்பான பக்கம் ஓடினார். பிள்ளைகள் கத்திய கத்தலை நீ கேட்டிருக்க வேண்டும்.

பதக்கம் வாங்கிய பள்ளிகளைப் பற்றிப் பத்திரிகையில் நிறைய செய்தி எழுதியிருக்கிறேன். ஒரு பீரியடை விட்டுத்தர மறுத்த பிள்ளைகளை நேற்றுதான் பார்த்தேன். உன்னை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது, செல்வி.

மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் வெளியே விட முடியாது என்கிறார் தலைமையாசிரியை. அவர் சொல்வதும் நியாயம்தான். புது டீச்சர் வரும்வரை வெள்ளிக்கிழமைதோறும் நான் வந்து நிற்கிறேன் என்றேன். சரி என்றுவிட்டார். அந்த பீரியட் நடக்கும். விதிகளைப் பிள்ளைகளே எனக்குச் சொல்லித் தருவார்கள்.

அம்பத்தூரிலிருந்து,
ஓடத் தெரியாத உன் அக்கா