ஆறாத எரு

மார்ச் 4
விடிந்ததும் நாத்தனார் கொல்லையில்தான். புருஷனை விட்டு எங்கள் பின்னறைக்கு வந்ததிலிருந்து அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது தக்காளிப் பாத்தியைப் பற்றி மட்டும். மண்ணுக்குச் சத்து என்று, கல் அறுக்கும் பட்டறையில் கேட்டு வாங்கிய கல்தூளை மாவு மாதிரி சலித்துத் தூவிக்கொண்டிருந்தாள். "செடிக்கெல்லாம் பவுடர் போட்டு எங்க கூட்டிட்டுப் போகப் போற?" என்றேன். சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு.

மார்ச் 9
உரத்துக்கென்று அவள் குவித்த இலைகள் எப்போது மக்கி, செடி எப்போது காய்ப்பது? அதற்குள் எனக்குப் பல் விழுந்துவிடும். கோழிப்பண்ணைக்காரரிடம் ஒரு மூட்டை எரு கேட்டேன். "பச்சை எரும்மா, ஆறப் போடணும்" என்றார். "நான் என்ன வாயிலயா போடப் போறேன்?" என்றேன். அவள் வேலைக்குப் போனதும் செடிகளின் அடியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். கிடுகிடுவென வளரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 11
"என்ன வாடை அண்ணி?" என்றாள். "சாக்கடை அடைச்சிருக்கும்" என்று மூக்கைப் பிடித்துக் காட்டினேன்.

மார்ச் 13
இலை ஓரமெல்லாம் கருகல்.

மார்ச் 15
பாத்தியே போச்சு. நெருப்பு பட்ட மாதிரி நிற்கிறது. "கல்தூளை அதிகமாப் போட்டுட்டேன் அண்ணி. நான் தொட்டது எது விளங்கியிருக்கு?" என்றாள். நான் என்ன சொன்னேன்? "விடு, கடையில தக்காளி கிடைக்காதா?" நாக்கா இது.

மார்ச் 17
மீதிக் கல்தூளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டாள். பின்னறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. "அவளைக் கொஞ்சம் சிரிக்க வையேன், உனக்குத்தான் வாய் இருக்கே" என்கிறார் வீட்டுக்காரர். இருக்கிறது. திறக்க வேண்டியதற்குத் திறக்க மாட்டேன் என்கிறதே — என்ன செய்ய?

மார்ச் 18
சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "கல்தூள் ஒண்ணும் பண்ணலைம்மா. நான்தான் பச்சைக் கோழி எருவைப் போட்டேன்." குழாயை மூடினாள். "சாக்கடைன்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 20
சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 27
கூப்பிட்டாள். அந்த எருவை மண்ணோடு சுரண்டி, காய்ந்த இலையோடு கலந்து, போன வாரமே மூலையில் குவித்திருக்கிறாள். "கையை விட்டுப் பாருங்க." விட்டேன். சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.
"இதுலதான் என் செடி நின்னுது. நீங்களே கிளறி விடுங்க. ஆறினா சொல்லுங்க."

ஏப்ரல் 19
கிளறினேன். தோள் வலி. இன்னும் சூடு. ஒரு கேலி வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூன் 30
கையை விட்டேன். சில்லென்று இருந்தது. வாடை போய் வெறும் மண் வாசனை. அவளிடம் சொன்னேன். வந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாள். கையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். நான் மண்வெட்டியோடு அப்படியே நின்றேன்.
கல்தூள் மூட்டையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.
"சல்லடை எங்க அண்ணி? பவுடர் போட வேணாமா?"