யன்னல் வைத்த பாய்

நூல் கோக்கப் பொறுமை இல்லாத தம்பியைப் பிடித்து இருத்தி, ஊசிக்கு நூல் கோக்க வைத்த என் அக்காவுக்கு,

வள்ளம் வந்து சேர்ந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ எந்தக் கதையிலும் முடிவை முதலில் கேட்பவள். "ஆள் தப்பினதா இல்லையா, அதைச் சொல்லிப்போட்டு மறுகா கதையச் சொல்லு" என்பாய். ஆள் தப்பியது. வள்ளத்துக்கு நீ தைத்த பாயும் தப்பியது, ஒரேயொரு இடத்தைத் தவிர.

முகத்துவாரத்துக்கு உள்ளே, வாவியில் நங்கூரம் போட்டு நிற்கிறோம். அத்தான் கரையில் பத்துப் பேருக்கு நடுவில் நின்று கதை அளக்கிறார். தான் ஒரு நாளும் பயப்படவில்லை என்று சொல்லுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. நசார் கபினுக்குள் குறட்டை விடுகிறான். நான் மேல்தட்டில் இடுப்பில் ஈரச் சாரத்தோடு இருந்து இதை எழுதுகிறேன்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன், அக்கா. ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

திருகோணமலையில் நான் வேலை செய்த வள்ளம் திருத்தும் இடத்தில் யொட் என்கிற பாய்வள்ளம் ஒன்று கிடந்தது. யாரோ வெள்ளைக்காரன் சண்டை தொடங்கியதும் விட்டுவிட்டு விமானம் ஏறினவன். இருபத்தாறு அடி. கபினுக்குள் கோழி அடைகாத்தது. "இந்தக் குப்பைய எங்கயாவது கொண்டுபோ" என்றார் முதலாளி. மரவேலையும் இரும்புவேலையும் எனக்குத் தெரியும். பாய்க்குத்தான் துணி இல்லை. ஆரையம்பதிக்கு வந்து உன்னிடம் சொன்னபோது, நீ கட்டிலுக்கு அடியில் இருந்து அதை இழுத்து வெளியே போட்டாய். நாங்கள் அகதியாகப் பள்ளிக்கூட வளவில் கிடந்தபோது தந்த கூடாரம்.

"இதுக்குள்ள கிடந்து நனைஞ்சது காணும். இனி இது எங்களுக்கு உழைக்கட்டும்" என்றாய்.

கோயில் மண்டபத் தரையில் நான் சோக்கால் கீறினேன், நீ வெட்டினாய். கூடாரத்தின் யன்னல் வந்த துண்டை எறியச் சொன்னேன். துணி காணாது என்று நீ அந்த யன்னலை மூடித் தைத்துப் பாயின் நடுவில் சேர்த்தாய். உன் தையல் கால்மெசினின் பெல்ட் அறுந்தபோது மாற்றித் தந்தவன் இந்த நசார்தான். காத்தான்குடிப் பொடியன், கல்லூரியில் என்னோடு மோட்டார் கழற்றப் படித்தவன். பெல்ட் மாற்றின கூலிக்கு உன்னிடம் மூன்று கோப்பை தேத்தண்ணி வாங்கிக் குடித்தான்.

அடுத்த மாரியில், படுவான்கரையில், அத்தானின் ஊரில் நீ இருந்தபோது உனக்கு வயிற்றுக்குத்து வந்தது. ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம். பொழுதுபட்டால் தோணி இறக்கக் கூடாது என்பது அந்த நாளையச் சட்டம். அத்தான் உன்னைத் துறையில் பன்பாயில் கிடத்திவிட்டு, மழைக்குள் நின்று, அக்கரைக் காவலரணைப் பார்த்து விடியும்வரை கத்தினார். விடிந்தது. இதற்குமேல் நான் எழுதமாட்டேன்.

இப்போது சண்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபடியால்தான் எனக்கு அவசரம். கூரையோடு, ஆளைக் கிடத்திக் கொண்டுபோகக் கட்டிலோடு, வாவியில் ஒரு வள்ளம் நிற்க வேண்டும். தோணி போதாதா என்று கேட்டவர்கள் மழையில் தோணியில் கிடந்து பார்க்கட்டும்.

கடற்படையின் அனுமதி கிடைத்தது. பாயில் மட்டும் வர வேண்டும், இஞ்சின் கூடாது. நல்லது என்றேன். அந்த இஞ்சின் துருப்பிடித்த இரும்பு, கழற்றி எறிந்ததும் வள்ளம் மூன்று விரல் மேலே எழும்பியது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வள்ளம் தானாக உள்ளே நுழைய வேண்டும். முகத்துவாரத்து மணலில் தட்டினால் கடற்படை கயிறு கட்டித் திருகோணமலைக்கே திருப்பி இழுத்துக்கொண்டு போகும். முகத்துவாரமோ மண் மூடிக்கொண்டு வந்தது. பூரணையன்று வரும் பெரிய வத்துப்பெருக்கில், கடல் ஏறி நிற்கும் நேரத்தில், நுழையாவிட்டால், அடுத்த மாரி வெள்ளத்துக்கு மண்ணை வெட்டிவிடும்வரை கதவு பூட்டு. அதற்குள் என்ன நடக்குமோ யாருக்குத் தெரியும்?

அதனால் புறப்பட்டோம். நீ பார்த்திருக்க வேண்டும் அத்தானை. வாவியில் பிறந்து வாவியிலேயே வலை வீசின மனிதர், கடலைக் கண்டதும் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தார். அடுப்பு இரண்டு சங்கிலியில் தொங்குகிறது. வள்ளம் எப்படிச் சாய்ந்தாலும் அது மட்டும் நேரே நிற்கும், நான் அப்படிச் செய்தேன். அத்தான் அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் ஆடுது, இது மட்டும் ஏண்டா சும்மா நிக்குது?" என்றார். கேட்டு வாய் மூடவில்லை, வாந்தி எடுத்தார்.

சமையல் நசாருக்கு. குடிதண்ணியும் பாத்திரம் கழுவும் கடல்தண்ணியும் ஒரே நிறப் பிளாஸ்டிக் கான்களில் இருந்தன. முதல்நாள் காலையில் கடல்தண்ணியில் தேத்தண்ணி போட்டான். அத்தான் முழுக் கோப்பையையும் குடித்து முடித்துவிட்டு, "ரசம் நல்லாரிக்கு, தேத்தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டார். அன்றுதான் அவருக்கு மயக்கம் தெளிந்தது என்று நினைக்கிறேன். பின்னேரம் தூண்டிலில் ஒரு அறுக்குளா மீன் கொழுவியது. அதோடு கடலும் அவருடைய சொந்தக்காரன் ஆகிவிட்டது.

நசார் தொழுகிற நேரத்தில் மட்டும் எனக்கும் அவனுக்கும் தகராறு. அவன் மக்கா இருக்கும் திசையைப் பார்த்து நிற்பான்; காற்று மாறும், நான் வள்ளத்தைத் திருப்ப வேண்டும்.

"மச்சான், முடியுமட்டும் கிறுகாத. கிப்லா ஓடுது."

"கெதியாத் தொழு, கரை கிட்ட வருது."

"கெதியாத் தொழ இது என்ன உன்ட வெல்டிங்கா?"

அத்தான் நடுவில் புகுந்தார். "தம்பிமாரே, காத்தோட நான் கதைக்கன், நீங்க ரெண்டு பேரும் சும்மா இரிங்க." நான் சுக்கானைப் பிடித்த பிடி விடாமல் நின்றேன். அவன் தொழுது முடித்த பிறகுதான் திருப்பினேன்.

கபினில் இரண்டு கட்டில். இடப்பக்கக் கட்டிலில் யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அது நோயாளிக்கு. நனைந்த உடுப்பைக்கூட அதில் போட விடவில்லை. மூன்று பேரும் மற்றக் கட்டிலில் முறை வைத்துப் படுத்தோம். நசார் வாய்க்குள் புறுபுறுத்தான். அத்தான் தன் முறை வந்தபோதும் வெளியில்தான் கிடந்தார், அந்தக் கட்டிலைப் பார்க்க மாட்டாதவர் போல.

கல்குடாவைத் தாண்டினபோது வேட்டி தோய்த்துக் காயப்போட்டார். "ஊருக்குள்ள போகக்க ஒழுங்காப் போகோணும்." முகத்துவாரத்துக்கு முந்திய பின்னேரம் நங்கூரம் போட்டு, இரண்டு பேரையும் பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் அடிமரத்தில் தொங்கவிட்டுப் பழக்கினேன். ஏன் என்று சொல்கிறேன். இந்த வள்ளத்துக்கு அடியில் இரும்புக்கட்டை ஒன்று இருக்கிறது, நாலரை அடி ஆழத்துக்கு. முகத்துவாரத்து மணல்மேட்டில் தண்ணீர் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் வள்ளத்தைச் சாய்த்தால் கட்டையும் சாயும், ஆழம் குறையும். முப்பது பாகை சாய்த்தால் நுழையலாம். அடிமரத்தை இடப்பக்கம் வெளியே தள்ளி அதன் நுனியில் ஆட்கள் தொங்க வேண்டும், பாயில் காற்று நிறைய வேண்டும். கணக்கில் பிழை இல்லை. இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

விடிய, வெளிச்சவீடு தெரிந்தது. கடற்படைப் படகு வந்து சுற்றியது. அதில் நின்ற அதிகாரி அண்ணாந்து உன் பாயையே பார்த்தார். கூடாரத்தின் இலக்கம் அதில் இன்னும் மங்கவில்லை.

"இது டென்ட் தானே?" என்றார், தெரிந்த தமிழில்.

"ஓம்."

"டென்ட் எங்க போறது?"

"வீட்டுக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனாலும் இழுக்கும் கயிற்றை எடுத்துத் தயாராக வைக்கச் சொன்னதை நான் கண்டேன்.

பூரணை விடுமுறை. முகத்துவாரக் கரை முழுக்கச் சனம், பிள்ளைகுட்டியோடு. காற்று வடக்கில் இருந்து, வலப்பக்கத்தால், நான் கேட்டபடியே வந்தது. அத்தானும் நசாரும் அடிமரத்தில் ஏறினார்கள். வள்ளம் சாய்ந்தது. மேட்டுக்கு மேல் வந்தோம். பாதி தாண்டிவிட்டோம், அக்கா. பிறகு அடியில் ஒரு தட்டு. நின்றுவிட்டது.

அப்போது அத்தான் என்ன செய்தார் தெரியுமா? குதித்தார். வாவியில் தோணி தட்டினால் இறங்கித் தள்ளுவதுதானே வழக்கம். தலை யோசிக்க முதல் கால் இறங்கிவிட்டது. தொங்க வேண்டிய ஆள் தண்ணிக்குள். வள்ளம் நிமிர்ந்து மணலில் இறுகியது. அவர் குதித்ததைக் கண்டு கரையில் நின்ற ஆண்கள் எல்லாரும் குதித்தார்கள். அவர்களும் வாவிக்காரர். இருபது முப்பது பேர் நெஞ்சளவு தண்ணிக்குள் வந்து, இடப்பக்கம் தோள் கொடுத்து, நல்ல மனதோடு வள்ளத்தைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்தார்கள். செய்யக் கூடாத ஒரே காரியம் அதுதான்.

"நிமித்தாதீங்க! சரிக்கோணும்!" என்று கத்தினேன்.

"என்ன பறையிறாய் மனே? கவுண்டிரும்" என்றார் ஒரு பெரியவர், இன்னும் பலமாக நிமிர்த்தியபடி.

"கவுழட்டும், விடுங்க!"

"பொடியனுக்கு வெயில் பிடிச்சிற்று."

பின்னால் கடற்படைப் படகு கயிற்றோடு வந்துகொண்டிருந்தது. எனக்கு முப்பது பாகையைப் பற்றிப் பாடம் எடுக்க நேரம் இல்லை. அத்தான்தான் தலையைத் தூக்கினார். தான் செய்த காரியம் அவருக்கு விளங்கிவிட்டது. தண்ணியைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அவன் சொல்லுறதச் செய்யுங்க. இது என்ட பெண்சாதி தைச்ச பாய். கயித்தில கட்டி இழுக்க விடமாட்டன்." சொல்லிவிட்டு அடிமர நுனியை எட்டிப் பிடித்து, கால் இரண்டையும் தூக்கித் தொங்கினார்.

பிறகு எல்லாரும் தொங்கினார்கள். பெரியவரும் தொங்கினார். நசார் மரத்துக்கு மேல் இருந்து, தன் ஊரில் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல, "ஒவ்வொருத்தரா ஏறுங்க காக்கா, இது பஸ் இல்ல" என்று கத்தினான். இடம் கிடைக்காதவர்கள் வள்ளத்தின் விளிம்பில் தொங்கினார்கள். வள்ளம் சாய்ந்தது. நான் பாய்க் கயிற்றை இழுத்துக் காற்று முழுவதையும் பிடித்தேன்.

இந்த இடத்தில்தான் என்னிடம் கணக்கு இல்லை. பழைய கூடாரத் துணி எவ்வளவு தாங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. துணியும் துணியும் சேரும் ஒவ்வொரு மூட்டையும் நீ இரண்டு தரம் ஓட்டித் தைத்தாய் என்பது மட்டும் தெரியும். பாய்மரம் முனகியது. பாய் பலகை மாதிரி இறுகியது. கிழிந்தால் முடிந்தது, கடற்படைக் கயிறு இரண்டு ஆள் நீளத் தூரத்தில் நிற்கிறது.

படார் என்று வெடித்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்து பார்த்தால், கூடாரத்தின் யன்னல் மட்டும் திறந்திருக்கிறது. நாலு பக்கமும் சதுரமாக, நீ மூடித் தைத்த துண்டு ஒரு பக்கத்தில் தொங்கி அடித்தது. மற்றப்படி பாய் முழுவதிலும் உன் தையல் ஒரு நூலும் அசையவில்லை. அந்த யன்னலுக்குள்ளால் கரை தெரிந்தது. ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயில் கைவைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டேய், அக்கா யன்னலத் திறந்து பார்க்கிறா" என்றான் நசார்.

அடியில் உரசல் கேட்டது. ஒரு முழம். இன்னும் ஒரு முழம். பிறகு உரசல் நின்றது, வள்ளம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அக்கா, எண்ணெயில் போவது போல. ஆழம் வந்ததும் தொங்கினவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டு நீந்தினார்கள். "நாளைக்கும் கொண்டுவாங்க, நாங்க சும்மாதான் இரிக்கம்" என்று ஒருவர் கத்தினார். திரும்பிப் பார்த்தேன். கடற்படை அதிகாரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

யாரும் கட்டி இழுக்கவில்லை. இஞ்சின் இல்லை. உன் பாயில் வந்தோம். நீ பார்த்தாயா?

நாளைக்குப் பாய்மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்து, கல்லடிப் பாலத்துக்கு அடியால் போவோம். அதற்கு அப்பால் எங்கே ஆழம், எங்கே மணல் என்று அத்தானுக்குத் தெரியும். உன்னைக் கிடத்திய அதே துறையில் வள்ளத்தைக் கட்டுவேன். பொழுதுபட்ட பிறகும் நோயாளியைக் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று கேட்கப் போகிறேன். தரும்வரை அவர்களின் வாசலிலேயே நிற்பேன். எனக்குப் பொறுமை இல்லை என்பது ஊருக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியவரும். சண்டை திரும்ப வந்தாலும் வள்ளம் அங்கேதான் நிற்கும். அந்தத் துறையில் இனி ஒருவரும் விடியலுக்காகக் காத்துக் கிடக்க மாட்டார்கள். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அதற்கு முன்னால் யன்னலை மூட வேண்டும். நீ தைத்தது மாதிரியே, இரண்டு தரம். நூலை நானே கோத்துவிட்டேன்.

படுவான்கரைத் துறைக்கு வந்துகொண்டிருக்கும்
உன் தம்பி,
ரவி