கப்பலில் எத்தனை மணிக்குச் சாப்பாடு

ஜனவரி 5, 1987. திங்கள்

பனி. காலையில் மலையே இல்லை. எட்டரைக்கு மேல்தான் இடுப்புவரை தெரிந்தது. சைக்கிள் செயின் கழன்று கையெல்லாம் கரி. பேங்குக்குத் தாமதம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பேங்க் கொடுக்கும் பயணச் சலுகை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை. எங்கே போகிறோம் என்று இந்த மாசத்துக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் போச்சு. போன தடவை கன்யாகுமரி. அதற்கு முந்தின தடவை பெண் கல்யாணம், எங்கேயும் போகவில்லை. இந்தத் தடவை பத்மாவதி தானாகவே வாய் திறந்தாள். "கடலுக்கு நடுவுல இருக்குற ஊரா எதாவது பாருங்க."

கேஷியர் சுந்தரேசன் போன வருஷம் லட்சத்தீவு போய் வந்தவர். அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார். கொச்சியிலிருந்து புறப்பாடு. இரண்டு விதம்.

1. கப்பல். படுக்கை, சாப்பாடு எல்லாம் கப்பலிலேயே. பகலில் தீவில் இறக்கிவிட்டு சாயங்காலம் ஏற்றிக்கொள்வார்கள். மூன்று தீவு.
2. தரை. ஒரே தீவில் ஐந்து நாள். ஓலைக் குடிசை. கப்பல் போக, வர மட்டும்.

என் ஓட்டு கப்பலுக்கு. பெட்டியை ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான்.

ப.விடம் படித்துக் காட்டினேன் (பத்மாவதி என்று ஒவ்வொரு தடவையும் எழுதச் சோம்பல்). கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "கப்பல்ல ராத்திரி சாப்பாடு எத்தனி மணிக்குப் போடுவாங்க?"

தாளில் அது இல்லை.

6, செவ்வாய்

பனி கம்மி. கீழ்க் கடைவாய்ப் பல் வலி. கிராம்பு.

சுந்.-ஐக் கேட்டேன். "மணி அடிப்பாங்க சார். ரெண்டு பந்தி. சைவத்துக்குத் தனி மேஜை, ஆனா ரெண்டாவது பந்தி. எட்டு ஆயிடும்."

ஆட்டம் எப்படி?

"எங்க வீட்டம்மா ஏறின நிமிஷத்துலேர்ந்து படுக்கதான். வாந்தி. நான் நல்லா சாப்ட்டேன் சார்."

தரை? "குடிசையில தங்கினவங்க திரும்பி வரும்போது சொன்னாங்க. ஒரே சமையக்காரரு. எப்ப கேட்டாலும் போடுவாராம். ஆனா மீன் சார். ஒரே அடுப்பு, ஒரே சட்டி."

ஆக, கப்பலில் சுத்தம் உண்டு, வெளிச்சம் இல்லை. தரையில் வெளிச்சம் உண்டு, சுத்தம் இல்லை. ப.வுக்கு இரண்டும் வேண்டும். எங்கள் நயினார் வீடுகளில் பொழுது போனபின் சாப்பிடமாட்டார்கள். சமணர் வழக்கம். நான் பேங்கில் சேர்ந்த வருஷமே அதை விட்டாயிற்று. அவள் விடவில்லை, ஜுரத்தில்கூட.

நான் விட்டதற்குக் காரணம் சாவி. பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று சுந்.-இடம், மற்றது என்னிடம். கணக்கு நேராகி, இரண்டு பேரும் நின்று பூட்டினால்தான் வீடு. வந்து சேர ஏழு. அதற்குள் அவள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, கோலமாவு சலித்து, ரேடியோவும் கேட்டு முடித்திருப்பாள்.

அவ்வளவு சீக்கிரம் ஏன் என்றால், மலை. எங்கள் தெரு மலைக்குக் கிழக்கே. இந்த மாசத்தில் அஞ்சு மணிக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். வானம் வெளுப்பாகத்தான் இருக்கும், தெருவில் பந்தாட்டம் நடக்கும். இருந்தாலும் ப.வைப் பொறுத்தவரை பொழுது போயிற்று. என் அம்மா போட்ட சட்டம் அது. மலை நிழல் வாசலுக்கு வந்தால் சட்டி காலி. அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று, சட்டம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் அந்த மலை சாமி. எங்கள் வீட்டில் அது கடிகாரம்.

8, வியாழன்

பல் பரவாயில்லை. பாலில் தண்ணீர் ஜாஸ்தி. பால்காரரைக் கேட்டால், "பனி இறங்கிடுச்சுங்க" என்கிறார்.

பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு ப.வுக்கு விளக்கினேன். அஸ்தமனம் ஆறு மணி அளவில். நீ ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் சாப்பிடுகிறாய். மலை மறைப்பது வேறு, சூரியன் மறைவது வேறு.

"பஞ்சாங்கத்தப் பாத்தா சாப்பிடறேன்? கண்ணால பாத்து சாப்பிடறேன்."

புஸ்தகத்தை மூடினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே: "கடல்ல மலை கெடையாது இல்ல?"

கிடையாது.

"அப்ப சூரியன் கடைசி வரிக்கும் தெரியும்."

தெரியும்.

"அப்ப தரைதான். கப்பல் வேணாம்."

கப்பல் ஆட்டத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். மாத்திரை கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்றேன். முறைத்தாள்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு விஷயம் போய்விட்டது. "தீவுக்கா? குடிக்கத் தண்ணி கெடைக்குமா அங்க?"

9, வெள்ளி

பேங்கில் கணக்கு நேராகவில்லை. கடைசியில் சுந். ஒரு செலான் தாளின் மேல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வீடு வர எட்டு.

நான் சாப்பிட, ப. எதிரில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். தலை நிமிராமல் ஆரம்பித்தாள்:

"கல்யாணம் ஆயி இருவத்தேழு வருஷம். நீங்களும் நானும் ஒரு நாள்கூட ராத்திரி சாப்பாடு சேந்து சாப்ட்டதில்ல. கன்யாகுமரி போயும் நீங்க எட்டு மணிக்குத்தான் சாப்ட்டீங்க. பகல்லயும் உங்களுக்குப் போட்டுட்டுதான் நான் உக்கார்றேன். அதுக்குத்தான் தீவு கேட்டேன். வேற யாராவது பரிமாறணும். பொழுது இருக்கணும். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். அவ்ளோதான், வேற ஒண்ணும் பாக்க வேணாம் எனக்கு."

மோர் ஊற்றட்டுமா என்று கேட்கிற அதே குரல்.

மோரும் ஊற்றினாள். சாப்பிட்டேன். கை கழுவினேன். இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவைக்கிறேன்: வருத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று கேட்க வாய் எடுத்து நிறுத்திக்கொண்டேன். ஆரம்ப வருஷங்களில் ஒரு ஞாயிறு அதுவும் பார்த்தாயிற்று. நாலரை மணிக்குத் தட்டு போட்டாள். மத்தியானச் சோறே வயிற்றில் கல்லாக இருந்தது. பிசைந்துகொண்டே இருந்தேன், ஒரு கவளம் இறங்கவில்லை. அவள் தன் பங்கை முடித்துக்கொண்டு எழுந்தாள். ஒன்பது மணிக்குப் பசி. நானே ரவை உப்புமா கிண்டினேன், எனக்குத் தெரிந்த ஒரே சமையல். படுத்தபடி சிரித்தாள். அப்புறம் கூப்பிட்டதில்லை.

12, திங்கள்

வெயில் நல்லா அடித்தது. பேங்கில் கூட்டம், பொங்கல் செலவுக்கு எடுக்க. வரிசையில் ஒரு கிழவர்: "எம் பணத்த எடுக்க எம் மூஞ்சி பத்தாதா?" கையெழுத்து சேரவில்லை, மூன்று தடவை போட்டார்.

ஆசிரமத்தைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் ரூம் எடுத்திருக்கும் வெள்ளைக்கார அம்மா வந்திருந்தார், செக் மாற்ற. பல வருஷமாக இங்கே. தமிழ் பேசுவார், புஸ்தகத்தில் இருப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி. அவர் பிறந்ததே ஏதோ ஒரு தீவில். விடுவேனா? கப்பலா தரையா என்று கேட்டேன்.

"எங்கள் தீவில் மழை. மழை மட்டும்தான். கப்பல் நல்லது, திரும்பி வந்துவிடும்."

சுந்.-க்கு ஏக சந்தோஷம்.

போகும்போது அந்த அம்மா சொன்னது: "சூரியன் பார்க்கவா தீவு? என் மொட்டை மாடிக்கு வாருங்கள். ஆறு மணிக்கு அழகாக விழும்."

ஆறு மணிக்கா?

"ஆறு மணிக்கு."

நான் இந்த ஊரில் பிறந்தவன். மலைக்கு அந்தப் பக்கம் சாயங்காலத்தில் போனதே இல்லை. கிரிவலம் எங்களுக்கு வழக்கமில்லை. கல்யாணம், கருமாதி என்று பகலில் செங்கம் பஸ்ஸில் போனதோடு சரி.

பெட்டகம் பூட்டும்போதும் இதே யோசனை. சுந். இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

13, செவ்வாய்

போகி. தெரு முழுக்கப் புகை. பழைய பாய், துடைப்பம், என் பழைய குடை (என்னைக் கேட்கவில்லை).

ப.விடம் சொன்னேன். காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டு. மலைக்கு அந்தப் பக்கம் போவோம். அங்கே சூரியன் ஆறு மணிவரை இருக்குமாம்.

"யாரு சொன்னாங்க?"

வெள்ளைக்கார அம்மா.

"நம்ம ஊரு சூரியனப் பத்தி அவங்க வந்து சொல்லணுமா?" என்றாள். கொஞ்சம் கழித்து: "அப்ப தீவு கெடையாதா?"

தீவு உண்டு. இது ஒத்திகை. நிஜ பயத்தைச் சொல்லிவிட்டேன்: அவ்வளவு தூரம் போய், சமையற்காரர் வெளிச்சத்திலேயே சோறு போட்டு, அங்கேயும் எனக்கு இறங்காவிட்டால்? அந்த ஞாயிறு மாதிரி?

குடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே பளபளவென்று இருந்த குடம்.

14, புதன்

பொங்கல். கரும்பு ஒரு கட்டு. பல், அதனால் எனக்கு இல்லை. பெண் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

16, வெள்ளி. காணும் பொங்கல்

மேகம் இல்லை. காலையிலிருந்து ஐந்து தடவையாவது வானத்தைப் பார்த்திருப்பேன்.

மத்தியானம் அரை வயிறுதான் சாப்பிட்டேன். ப. கவனித்தாள், இன்னொரு கரண்டி போட வரவில்லை.

செங்கம் பஸ். கூட்டம். கண்டக்டர்: "கிரிவலமா சார்? பௌர்ணமிதான் போயிடுச்சே." சாப்பிடப் போகிறோம் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் இறங்கி நடந்தோம். கேரியர் என் கையில்.

அறுத்த கழனி. வரப்பில் உட்கார இடம். மலை முதுகுக்குப் பின்னால். எங்கள் தெருவில் இந்நேரம் நிழல் வந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும். இங்கே மூஞ்சியில் வெயில். ப. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஆள் ஒசரம் இருக்குது இன்னும்."

கேரியரைப் பிரித்தாள். எலுமிச்சம்பழ சாதம், தயிர் சாதம், வாழைக்காய் வறுவல். பையில் கையை விட்டுத் தட்டை எடுத்தாள். ஒரு தட்டு. மறுபடி கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுதான். எனக்குப் போட்டு, கரண்டியோடு பக்கத்தில் குந்தினாள், நான் முடிப்பதற்குக் காத்துக்கொண்டு. அவளுக்கே தெரியாமல் நடந்தது அது.

சூரியன் அரை ஆள் உயரம்.

"நீ எனக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள அது போயிடும். உக்காரு" என்றேன்.

சூரியனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேரியர் மூடியைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதில் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தாள்.

சாப்பிட்டோம்.

பசித்தது. நடந்ததாலா, பாதி வயிற்றாலா, தெரியாது. இறங்கியது. கவனித்தவை: அவள் வேகமாகச் சாப்பிடுகிறாள், என்னைவிட. வாழைக்காயைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறாள். நானும் அப்படித்தான். ஒதுக்கி வைத்ததை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, புரையேறியது, தலையில் தட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கறேன். சூரியன் இருக்குது" என்று இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள், யாரும் கேட்காமலே.

அது போகும்போது மூடி காலி.

கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஊர்லயும் இப்டித்தான் போவும். கழனிக்குள்ள. மறந்தே போச்சு."

நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

திரும்பும்போது தெருவில் விளக்கு எரிந்தது. எதிர்வீட்டு அம்மா வாசலில். "என்ன பத்மா, கிரிவலமா?"

"பாதி" என்றாள்.

19, திங்கள்

பனி மறுபடி. பல்லை எடுத்துவிட வேண்டுமாம்.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மார்ச். தரை. சுந். எட்டிப் பார்த்தார். "மீன் சார். யோசிச்சுக்கோங்க. கப்பல்ல சைவம் தனி மேஜை."

ஸ்டவ் எடுத்துப் போகிறோம் என்றேன்.

"அங்க போயும் அம்மாதான் சமைக்கணுமா? பாவம் சார்."

உப்புமா நான் என்றேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

ப.விடம் சொன்னதற்கு: "உங்க உப்புமா சாப்பிடவா அவ்ளோ தூரம்?" வேறு யாராவது பரிமாற வேண்டும் என்றாயே என்று கேட்டேன். "சட்டிய நடுவுல வெச்சிட்டா யாரும் பரிமாற வேணாம்."

எடுத்துப்போக:
ஸ்டவ், புதுத் திரி
ரவை, கடுகு, உளுத்தம்பருப்பு
அவல் (கப்பலில் போக, வர, அவளுக்கு)
எலுமிச்சை ஊறுகாய்
வாந்தி மாத்திரை (எனக்கு)
குடை (வாங்க வேண்டும், போகியில் போயிற்று)
வாழைக்காய் அங்கே கிடைக்குமா? சுந்.-ஐக் கேட்க
தட்டு 2