மாற்று ஆள்

மார்ச் 3

அன்புள்ள சீஃப் இன்ஜினியர் அவர்களுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உங்கள் அப்பாவும். போனில் பேச வேண்டியதைக் கப்பல் மின்னஞ்சலுக்கு எழுதுகிறேன். காரணம், "எப்ப வர்றீங்க?" என்று நான் கேட்கும்போது மட்டும் உங்களுக்கு லைன் விட்டுவிட்டு வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் நன்றாகவே கேட்கிறது.

எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஊர் குடிக்கிற தண்ணீரைப் பரிசோதித்ததற்குக் கிடைத்த பலன்: ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில், பரிசோதனைக்கூடத்தின் தலைமைப் பொறுப்பு. ஏப்ரல் 20 அன்று சேர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர், தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று மோந்து பார்த்து எழுதுகிறவர்.

மாமாவுக்கு உடைந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது. தனியாகக் குளியலறைக்குப் போகக் கூடாது என்கிறார் டாக்டர். தனியாகத்தான் போவேன் என்கிறார் மாமா. நடுவில் நான் நிற்கிறேன். நீங்கள் ஏப்ரல் 15க்குள் வந்து அந்த இடத்தில் நின்றால் நான் கிளம்புவேன். நாலு மாதம் என்று சொல்லிப் போனவர் நீங்கள். ஒன்பது முடிகிறது.

இப்படிக்கு,
எண்ணத் தெரிந்த உங்கள் மனைவி


மார்ச் 12

அன்புள்ள இல்லத்தரசிக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப்பார்.

நான் என்ன வேண்டுமென்றா உட்கார்ந்திருக்கிறேன்? இது நீராவிக் கப்பல். இதை ஓட்ட நீராவிச் சான்றிதழ் வேண்டும். டீசல் இன்ஜினியர் என்றால் தடுக்கி விழுந்தால் ஒருவர் கிடைப்பார். நீராவி ஆட்களோ பாதிப் பேர் ஓய்வு பெற்று மூட்டு வலியோடு வீட்டில் இருக்கிறார்கள். கம்பெனி தேடிக்கொண்டே இருக்கிறது. தகுதியான ஆள் வந்தால் மறுநாளே இறங்குவேன்.

இங்கே நிலைமை உனக்குப் புரியாது. நாங்கள் ஏற்றிவந்திருப்பது மைனஸ் நூற்று அறுபது டிகிரியில் திரவமாக்கிய இயற்கை எரிவாயு. எவ்வளவு பொத்தி வைத்தாலும் கொஞ்சம் ஆவியாகும். அதைப் பாய்லரில் எரித்து, நீராவி எடுத்துத்தான் கப்பலை ஓட்டுகிறோம். துறைமுகத்தில் இடமில்லை என்று பதினாறு நாளாக நங்கூரம் போட்டு நிற்கிறோம். கப்பல் நின்றாலும் வாயு ஆவியாவது நிற்காது. ஆகவே அதை எரித்துத் தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவிக்கு வேலை இல்லாததால் குளிரவைத்துத் தண்ணீராக்கி, மறுபடி பாய்லருக்கே அனுப்புகிறோம். முப்பத்தாறாயிரம் குதிரைச் சக்தி உள்ள கப்பல் பதினாறு நாளாகத் தண்ணீரைத் தண்ணீராக மாற்றிக்கொண்டிருக்கிறது. அதை மேற்பார்வை செய்ய அனுபவம் வேண்டாமா?

அப்பாவுக்கு ஒரு ஊன்றுகோல் செய்யச் சொன்னேன். கப்பல் ஃபிட்டர் துருப்பிடிக்காத எஃகில் கடைந்திருக்கிறார். இங்கிருந்து இறங்கும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நல்ல பையன்தான்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரர்


மார்ச் 24

அன்புள்ள சீஃப் அவர்களுக்கு,

ஊன்றுகோல் வந்து சேர்ந்தது. நாலரைக் கிலோ. "இதைத் தூக்கிட்டு நடக்க எனக்கு இன்னொரு கோல் வேணும்" என்கிறார் மாமா.

கொண்டுவந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். உங்கள் கணக்கில் பையன். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"கப்பல்ல உங்களுக்கு என்ன வேலை தம்பி?"

"எனக்கு வேலையே கிடைக்கல மேடம். சீஃபுக்குப் பதிலா, ரிலீவராத்தான் போனேன். பொறுப்பை ஒப்படைக்கிற படிவத்துல சார் கையெழுத்துப் போடல. பதினொரு நாள் இருந்துட்டு இறங்கிட்டேன்."

"உங்ககிட்ட நீராவிச் சான்றிதழ் இல்லையா?"

"ஆறு வருஷமா இருக்கு மேடம். காரணம் கேட்டா, 'நீ பாய்லரை ரொம்ப நம்புற'ன்னாரு."

"சரி, வேற ஆள் வருவாங்களாமா?"

"எனக்கு முன்னாடியே ஒருத்தர் வந்தாரு. அவர்கிட்ட, 'நீ பாய்லரை நம்பவே மாட்டேங்கிற'ன்னு சொன்னாராம். எங்க ரெண்டு பேரையும் கலந்து ஒரு ஆளா அனுப்பியிருக்கணும் மேடம்."

மாமா சிரித்த சிரிப்பில் எனக்கு அவர் இடுப்பைப் பற்றிக் கவலையாகிவிட்டது.

தான் திருப்பி அனுப்பிய மாற்று ஆளைப் பார்சலோடு மனைவியிடமே அனுப்பிவைக்கும் புத்திசாலித்தனம் உங்களுக்குத்தான் வரும். ஒரே கேள்வி. பாய்லர், வாயு, நங்கூரம் மூன்றும் இல்லாமல் பதில் எழுதுங்கள். ஏன் கையெழுத்துப் போடவில்லை?

இப்படிக்கு,
வெறும் இல்லத்தரசி அல்லாதவள்


ஏப்ரல் 4

அன்புள்ள உனக்கு,

பாய்லர் இல்லாமல் எழுதுவது சிரமமாக இருக்கிறது. மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன்.

கம்பெனியில் நாலு நீராவிக் கப்பல்கள் இருந்தன. மூன்றை உடைக்க விற்றாகிவிட்டது. இதுவும் வருடக் கடைசியில் போகிறது. இப்போது நான் இறங்கினால் ஏறுவதற்கு வேறு கப்பல் இல்லை. டீசலில் இடம் உண்டா என்று அலுவலகத்தில் கேட்டேன். ஐம்பத்து நாலு வயதில் மூன்றாம் இன்ஜினியராகத் தொடங்கலாமாம். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

இங்கே ஒரு வால்வு முனகினால்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன விடுமுறையில், வீட்டில் நாலு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, அரிசி டப்பா எது என்று கேட்க உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா? நீ மீட்டிங்கில் இருந்தாய்.

வந்தவர்கள் இருவரும் நல்ல ஆட்கள். அது எனக்கும் தெரியும்.

ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போட முடியுமா?

உன் வீட்டுக்காரர்


ஏப்ரல் 21

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுச் சேர்ந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரியைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். "கிளம்பும்மா, நானும் வர்றேன். அவனுக்காகக் காத்திருந்தா எனக்கே முழுசாக் குணமாயிடும்" என்றார். இந்த ஊரில் கீழ்த்தளத்தில் வீடு பார்த்தேன். பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருகிறார். பழைய வீட்டைப் பூட்டிவிட்டோம்.

உங்கள் மேல் எனக்கிருந்த கோபத்தை மூட்டை கட்டும்போது தேடிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. நீங்கள் வராமலே எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு வாரம் உங்களை நச்சரித்தேன். முடிக்க நாலு நாள்தான் ஆனது. அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

இனி எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டாம். எந்தத் தேதிக்குள்ளும் நீங்கள் இங்கே தேவைப்படவில்லை. வரத் தோன்றினால் வாருங்கள். புது விலாசத்தை நானாக அனுப்ப மாட்டேன். நீங்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மே 16

அன்புள்ள உனக்கு,

மூன்றாவது மாற்று ஆள் வந்து எட்டு நாள் ஆகிறது. பெண். முப்பத்து மூன்று வயது. இரண்டு பாய்லர்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எது சார் அடம் பிடிக்கும்?" என்று கேட்டார். வலதுபக்கம் என்றேன். அதன் அருகிலேயே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். குறை சொல்ல எட்டு நாளும் தேடினேன். கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது. அதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது.

இன்று காலை படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அரை நிமிடம் ஆனது.

விமானச் சீட்டு எடுக்க அலுவலகத்தில் வீட்டு முகவரி கேட்கிறார்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. எழுத்தர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விலாசம் என்ன?